பழைய பிக்கப்பில் ஏசி காற்று வரவில்லையா? கேஸை விடுங்கள், காற்று போகும் வழியைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். 25 வயதான பெட்ரோல் பிக்கப். ஏசி ஃபேனின் நாலு வேகத்தில் கடைசி வேகம் மட்டும்தான் வேலை செய்கிறது. அதிலும் சத்தம் பலமாக இருக்கிறதே தவிர, வென்ட்டில் கையை வைத்தால் காற்று லேசாகத்தான் படுகிறது. மேடு ஏறும்போது முகத்துக்கு வந்துகொண்டிருந்த காற்று தானாகவே முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது. ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. இரண்டு முறை கேஸ் நிரப்பியாயிற்று, பலனில்லை. இனி டேஷ்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

அநேகமாக வேண்டியதில்லை. குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. மூன்றும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் நடப்பதால் ஒன்று போலத் தெரிகிறது. அதில் இரண்டை வெளியில் இருந்தபடியே சரி செய்துவிடலாம். கேஸ் நிரப்பியதால் எதுவும் மாறாததில் ஆச்சரியமும் இல்லை. கேஸ் வருகிற காற்றைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். காற்றே வராதபோது அதை எத்தனை முறை நிரப்பினாலும் ஒன்றுதான்.

முதலில் காற்று எந்த வழியாக வருகிறது என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் ஒரு கிரில் இருக்கும். வெளிக்காற்று அதன் வழியே நுழைந்து, பயணி பக்கம் இருக்கும் ப்ளோயருக்கு, அதாவது ஏசி ஃபேனுக்கு, வருகிறது. ப்ளோயர் அதை எவாப்பரேட்டருக்குள், அதாவது கூலிங் காயிலுக்குள் தள்ளுகிறது. அதைத் தாண்டியதும் ஒரு கதவு. காற்றில் எவ்வளவு ஹீட்டர் கோர் (எஞ்சினின் சூடான தண்ணீர் ஓடும் சிறு ரேடியேட்டர்) வழியாகப் போக வேண்டும், எவ்வளவு அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதை அந்தக் கதவு முடிவு செய்கிறது. அதற்கும் அப்புறம், காற்றை முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ அனுப்பும் கதவுகள்.

இந்த வரிசையில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் நீங்கள் ஹீட்டர் போட்டாலும் காற்று முதலில் கூலிங் காயிலைக் கடந்துதான் வர வேண்டும். ஆகவே காயில் அடைத்திருந்தால் ஏசி காற்றும் குறையும், ஹீட்டர் காற்றும் குறையும். உங்கள் வண்டியில் ஹீட்டரிலும் காற்று இதே அளவு பலவீனமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்றால், நீங்கள் சொன்னதிலேயே மிக முக்கியமான தடயம் "சத்தம் பலமாக இருக்கிறது, காற்று இல்லை" என்பது. வீட்டில் வாக்யூம் க்ளீனர் குழாயின் வாயைக் கையால் மூடிப் பார்த்திருக்கிறீர்களா? மோட்டார் திணறாது. நேர்மாறாக, கீச்சென்று வேகமெடுக்கும். ப்ளோயரிலும் அதேதான். தள்ளுவதற்குக் காற்று இல்லாதபோது சக்கரத்துக்கு வேலை குறைகிறது, வேகம் கூடுகிறது, மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் குறைகிறது. எனவே சத்தம் உரக்கவும் கீச்சென்றும் இருந்து காற்று குறைவாக இருந்தால் வழியில் அடைப்பு. சத்தமும் மந்தம், காற்றும் மந்தம் என்றால் மோட்டார் அல்லது அதற்கு வரும் கரன்ட்டில் கோளாறு. எந்தக் கருவியும் கையில் எடுப்பதற்கு முன் இந்த வேறுபாட்டைக் காதால் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஐந்து நிமிடச் சோதனை ஒன்று. எஞ்சினை ஓடவிட்டு ஃபேனைக் கடைசி வேகத்தில் வையுங்கள். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு வென்ட் முன்னாலும் பிடியுங்கள். முகம், கால், கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் நன்றாக வந்து இன்னொரு இடத்தில் வராவிட்டால் கதவுகளில் பிரச்சினை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலவீனம் என்றால் கதவுகளுக்கு முந்தைய பகுதியில் பிரச்சினை. பிறகு உள்காற்றுச் சுழற்சிப் பட்டனை அழுத்துங்கள். அப்போது காற்று சட்டென்று கூடினால் வைப்பருக்கு அடியில் உள்ள நுழைவாய்தான் அடைத்திருக்கிறது. கூடாவிட்டால் அடைப்பு ப்ளோயரிலோ காயிலிலோ.

இப்போது வேகங்கள். கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், பழைய வண்டியாக இருக்கிற பட்சத்தில், ரெசிஸ்டர் போய்விட்டது என்று தொண்ணூறு சதவீதம் தைரியமாகச் சொல்லலாம். குறைந்த வேகங்களில் மோட்டாருக்குப் போகும் கரன்ட் சில கம்பிச் சுருள்களின் வழியாகப் போகிறது. சுருள்கள் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுகொள்வதால் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. கடைசி வேகத்தில் கரன்ட் இந்தச் சுருள்களைத் தொடாமல் நேராக, பல வண்டிகளில் ஒரு ரிலே வழியாக, மோட்டாருக்குப் போகிறது. ரெசிஸ்டர் எரிந்தாலும் கடைசி வேகம் மிஞ்சி நிற்பது அதனால்தான். இதற்கு எதிர்மாறாக மற்ற வேகங்கள் எல்லாம் வந்து கடைசி வேகம் மட்டும் வராவிட்டால் அந்த ரிலேயையோ அதன் ஃப்யூஸையோ பார்க்க வேண்டும்.

ரெசிஸ்டரை மாற்றுவது சுலபம். இரண்டு திருகாணி, ஒரு கனெக்டர். அதனால்தான் எல்லோரும் அதை மட்டும் மாற்றிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு ரெசிஸ்டர் மாற்றிக் கொடுத்தேன், மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. உதிரிபாகம் மட்டம் என்று திட்டிக்கொண்டே இன்னொன்றைப் போட்டேன். அதுவும் போனது. மூன்றாவது முறைதான், அது ஏன் எரிகிறது என்று கேட்கத் தோன்றியது.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து சுற்ற முடியாமல் இறுகி அதிக ஆம்பியர் இழுப்பது. இரண்டாவது, ரெசிஸ்டருக்குக் காற்று கிடைக்காதது. ரெசிஸ்டர் காற்றோட்டப் பாதைக்குள் நீட்டிக்கொண்டு இருப்பது தற்செயல் இல்லை. அது சூடாகும் சாமான், ப்ளோயர் காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. பாதை அடைத்தால் சூடு போக வழியில்லாமல் அதில் இருக்கும் தெர்மல் ஃப்யூஸ் உருகிவிடுகிறது. உங்கள் வண்டியில் நடந்திருப்பது இந்த இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. சத்தம் உரக்க வருவதும் இதோடு பொருந்துகிறது. என் வண்டிக் கதையில் நடந்ததும் இதுதான்.

அந்த தெர்மல் ஃப்யூஸை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வரும். செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள், காய்ந்த சருகுகளுக்குப் பக்கத்தில், பழுக்கக் காய்ந்த கம்பிச் சுருள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஃப்யூஸ் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ரெசிஸ்டரைக் கழற்றியதும் உடனே புதியதை மாட்டிவிட வேண்டாம். அந்த ஓட்டை வழியாக ஒரு டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்து உள்ளே பாருங்கள். பல வண்டிகளில் ரெசிஸ்டர் ப்ளோயருக்கும் காயிலுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. காயிலின் முகம் நேராகத் தெரியும். போனில் இணைக்கும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிக்கப்புகளில் பலவற்றுக்கு கேபின் ஃபில்டரே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 25 வருடம் மரத்தடியில் நின்ற வண்டி வைப்பர் கிரில் வழியாக உள்ளே இழுத்த சருகு, மகரந்தம், தூசி, நாய் முடி எல்லாம் எங்கே போயிருக்கும்? ஈரமான காயிலின் முகத்தில் ஒட்டி, கம்பளிப் போர்வை மாதிரி படிந்திருக்கும். நான் ஒரு வண்டியில் அதைக் கையால் உரித்து எடுத்தேன். முழுசாக, ஒரே துண்டாக வந்தது.

சுத்தம் செய்ய ப்ளோயரையும் இறக்கிவிடுங்கள். வழக்கமாக மூன்று முதல் ஆறு திருகாணிகள்தான். அந்தப் பெரிய ஓட்டை வழியாகக் கை நன்றாகப் போகும். எலிக்கூடு இருந்தால் கையுறையும் முகக்கவசமும் போடாமல் தொட வேண்டாம். காய்ந்த எலிப் புழுக்கைத் தூசியை மூச்சில் இழுப்பது ஆபத்து. முதலில் கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கிவிட்டு, துணியால் வழித்து எடுங்கள். அதன்பிறகு மீதியை மெல்லிய குழாய் பொருத்திய வாக்யூம் க்ளீனரால் இழுத்து, மென்மையான பிரஷ்ஷால் காயிலின் தகடுகள் ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கி நீங்களே புதிய அடைப்பை உண்டாக்கிவிடுவீர்கள். கத்தி, திருப்புளி, கம்பி பிரஷ் எதுவும் கிட்டே போகக் கூடாது. அது மெல்லிய அலுமினியம், உள்ளே அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது. ஒரு சிறு துளை விழுந்தால் அதன்பிறகு டேஷ்போர்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

கடைசியாக காயில் க்ளீனர் அடித்து, கைப் பம்ப் ஸ்ப்ரேயால் தண்ணீர் விட்டுக் கழுவலாம். ஆனால் அதற்கு முன் வடிகுழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகடு), எஞ்சின் பக்கத்தில், கீழ்நோக்கி ஒரு சிறு ரப்பர் குழாய் இருக்கும். அது சேற்றால் அடைத்திருந்தால் நீங்கள் விடும் தண்ணீர் எல்லாம் பயணியின் கால் விரிப்புக்குத்தான் வரும். ஏசி போட்ட நாட்களில் அந்தப் பக்க விரிப்பு நனைந்திருந்ததென்றால் அதற்கும் இதுவேதான் காரணம்.

ப்ளோயர் கையில் இருக்கும்போதே அதையும் சோதித்துவிடுங்கள். சக்கரத்தை விரலால் சுண்டினால் சுலபமாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரவென்று நின்றாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ மாற்றிவிடுவது மேல். எண்ணெய் விட்டு ஓட்டலாம், சில வாரம் ஓடும், அப்புறம் புது ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும்.

புது மோட்டார் மாட்டுபவர்கள் விழும் ஒரு குழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கனெக்டர் வேறு மாதிரி இருந்து ஒயரை வெட்டி ஒட்டும்போது பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இறக்கை வைத்த சாதாரண ஃபேன் எதிர்த்திசையில் சுற்றினால் காற்று பின்னால் போகும், உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ப்ளோயரின் உருளைச் சக்கரம் எந்தத் திசையில் சுற்றினாலும் காற்றை வெளிப்பக்கமாகத்தான் தள்ளும். எதிர்த்திசையில் மிகவும் குறைவாகத் தள்ளும், அவ்வளவுதான். வென்ட்டில் காற்று வருவதால் இணைப்பு சரி என்று நம்பிவிடுவோம். உங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் மோட்டாரை மாற்றியிருந்தால் இதையும் ஒரு முறை பாருங்கள். சக்கரத்தின் வளைந்த தகடுகளின் குழிந்த பக்கம் முன்னோக்கிப் போகும்படி சுற்றுவதுதான் பெரும்பாலான வண்டிகளில் சரியான திசை.

மின்சாரப் பக்கம் ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். கடைசி வேகத்தில் மோட்டார் கனெக்டரிலேயே பின்பக்கமாக முனையைச் செருகிப் பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் வந்தால் நல்லது. 11தான் வருகிறது என்றால் மீதி 3 வோல்ட் நடுவில் எங்கேயோ சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. அது எர்த் இணைப்பாக இருக்கலாம், ஃபேன் சுவிட்சின் தேய்ந்த முனைகளாக இருக்கலாம், ரெசிஸ்டர் கனெக்டராகவும் இருக்கலாம். அந்தக் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் புது ரெசிஸ்டரைப் பழைய கனெக்டரில் மாட்ட வேண்டாம். ஒயரோடு சேர்ந்த புதுக் கனெக்டர் தனியாகக் கிடைக்கும். டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்க்கலாம். கடைசி வேகத்தில் 15 முதல் 25 ஆம்பியர் வரை இருப்பது வழக்கம். அடைப்பை எடுத்த பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அடைப்பு இருக்கும்போது ஆம்பியர் குறைவாகக் காட்டி நம்மை ஏமாற்றும்.

சரி, மேடு ஏறும்போது காற்று கண்ணாடிக்குப் போவது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் மூன்றிலும் சுலபமானது இதுதான். உங்கள் வண்டியில் காற்றைத் திருப்பும் கதவுகளை இயக்குவது மின்சாரம் இல்லை, எஞ்சின் உறிஞ்சும் வேக்கம். பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை வேக்கம் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் அது ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழும். மேட்டில் நடப்பது இதுவே. அந்த நேரத்தைச் சமாளிக்க ஒரு சிறு வேக்கம் தொட்டியும், அதில் சேர்ந்த வேக்கம் திரும்பிப் போய்விடாமல் தடுக்க ஒரு ஒருவழி வால்வும் இருக்கின்றன. எங்கோ கசிவதால் தொட்டி காலியாகிறது, கதவுகள் ஸ்பிரிங் இழுக்கும் பக்கம் போய்விடுகின்றன. ஸ்பிரிங் இழுக்கும் பக்கம் கண்ணாடி. வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லாம் பழுதானாலும் முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தையாவது துடைக்க முடியட்டும், சாலை தெரியட்டும் என்ற எண்ணம்தான்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் இந்த வேக்கம் கிடைக்காது, அதற்குத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். உங்களுக்குக் காற்று எப்போதுமே கண்ணாடிக்குப் போகிறது என்றால் அந்தப் பம்ப்பில் இருந்து தொடங்குங்கள்.

கசிவை எங்கே தேடுவது? பானட்டைத் திறந்து, மேனிஃபோல்டில் இருந்து புறப்படும் மெல்லிய குழாயைப் பின்தொடருங்கள். அது ஒருவழி வால்வுக்கும், அங்கிருந்து தொட்டிக்கும் ஃபயர்வாலுக்கும் கிளை பிரியும். இந்தக் குழாய்கள் கெட்டியான பிளாஸ்டிக். எஞ்சின் சூட்டில் 25 வருடம் கிடந்தால் தொட்டாலே பொடியாகும். முதலில் உடைவது பெரும்பாலும் வளைவுகளிலும், பேட்டரிக்குப் பக்கத்தில் போகும் இடத்திலும், ரப்பர் முனைகளிலும்தான். ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. தொட்டியில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கக் கையால் இயக்கும் வேக்கம் பம்ப் ஒன்று தேவை. 15 அங்குலத்துக்கு இழுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் அசையக் கூடாது. டேஷ்போர்டின் உள்ளே ஒவ்வொரு கதவையும் இழுக்கும் வட்டமான டயஃப்ரம் டப்பாக்களையும் இதே முறையில் சோதிக்கலாம். எஞ்சின் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் தொட்டி காலியானால், ரேடியோவை அணைத்துவிட்டு ஏசி கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். ஸ்ஸ் என்று மெல்லிய சீறல் கேட்டால் மோட் குமிழுக்குப் பின்னால் உள்ள ரப்பர் சீல் போய்விட்டது. குழாய் உடைந்த இடங்களுக்கு அதே உள்விட்டமுள்ள ரப்பர் வேக்கம் ஹோஸ் போதும். இந்த வேலையில் செலவாவது நேரம்தான்.

வேக்கம் இல்லாமல் சிறு மின் மோட்டார்களால் கதவை இயக்கும் வண்டிகளில் இந்தப் பிரச்சினை வேறு வடிவில் வரும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று பத்து இருபது முறை தட்டும். உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் உடைந்திருக்கிறது என்று பொருள். அந்த மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். மாற்றும் முன், அதைக் கழற்றிவிட்டுக் கதவின் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். தண்டு சுதந்திரமாக முழு வட்டமும் சுற்றினால் கதவே உடைந்துவிட்டது, புது மோட்டாரால் பலனில்லை.

மூன்றாவது ஹீட்டர். இதற்கு முதல் கருவி உங்கள் கைதான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்துவிட்டு, ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கவனமாகத் தொடுங்கள். சுடும், கையுறை இருந்தால் நல்லது. இரண்டும் நல்ல சூடு என்றால் ஹீட்டர் கோரில் சூடான தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் அதன் வழியாகப் போகவில்லை. ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் கோருக்குள் அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைந்திருக்கலாம், உள்ளே காற்றுக் குமிழி சிக்கியிருக்கலாம், வால்வு இருக்கும் வண்டிகளில் அது திறக்காமல் இருக்கலாம், அல்லது எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டு எஞ்சினே சூடாகாமல் இருக்கலாம். டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் வண்டியில் இரண்டு ஹோஸும் சுட்டால், டெம்பரேச்சர் கதவு முழுத் தூரம் போகவில்லை என்று பொருள். பழைய வண்டிகளில் இதை ஒரு கேபிள்தான் இழுக்கிறது. சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி, கிளிப் நழுவினால் குமிழ் கடைசி வரை திரும்பும், கதவு முக்கால்வாசி தூரம்தான் போகும். குளவ் பாக்ஸைக் கழற்றினாலே பல வண்டிகளில் அந்தக் கேபிளின் முனை தெரிந்துவிடும். குமிழைத் திருப்பி முனை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, கிளிப்பை நகர்த்தி மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

கோர் அடைத்திருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியேறும் பக்கம் இருந்து எதிர்த்திசையில் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். குழாயை முழுவதும் திறக்காதீர்கள். பழைய கோரின் மெல்லிய குழாய்கள் வீட்டுத் தண்ணீர் அழுத்தத்திலேயே விரிசல் விடக்கூடும். துருவும் சேறும் வந்து, பிறகு தெளிவாக வரும்வரை திசை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். வெளியேறும் பழைய கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடித்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம். எப்போதாவது ரேடியேட்டர் ஒழுகலுக்கு அடைப்பான் திரவம் ஊற்றியிருந்தால் அது முதலில் போய் அடைப்பது இந்தக் கோரைத்தான். முன்கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுப்பான படலம் படிந்து இனிப்பு வாசனையும் வந்தால் கழுவிப் பயனில்லை. கோர் ஒழுகுகிறது.

வென்ட்டில் இருந்து கறுப்பாகவோ மஞ்சளாகவோ பஞ்சுத் துகள் பறக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இந்த வயது வண்டிகளில் அது சாதாரணம். கதவுகளின் விளிம்பில் ஒட்டிய ஃபோம் மக்கி உதிர்கிறது. அது போனால் கதவு மூடினாலும் மூடாத மாதிரிதான். சூடும் குளிரும் கலக்கும், முகத்துக்கு வர வேண்டிய காற்று பாதி காலுக்குக் கசியும். இதை முழுமையாகச் சரி செய்ய பெட்டியை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எட்டுகிற கதவுகளுக்கு மட்டும் தண்ணீர் உறிஞ்சாத வகை ஃபோம் டேப்பை ஒட்டிச் சமாளிக்கலாம். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன், வெட்கமில்லை.

கேஸ் பற்றி. இரண்டு முறை யாரோ உத்தேசமாக நிரப்பியிருக்கிறார்கள் என்றால் இப்போது அளவு கூடவோ குறையவோ இருக்கலாம், இரண்டுமே குளிரைக் குறைக்கும். குறைவாக இருப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. காயிலுக்குள் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் காயிலின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கும். கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சோ தெர்மோஸ்டாட் முனையோ சரியாக வேலை செய்யாவிட்டால் காயிலில் பனி படர்ந்து காற்று அடைபடும். இதன் அடையாளம் வேறு: கிளம்பும்போது காற்று நன்றாக இருக்கும், அரை மணி நேரத்தில் குறைந்துகொண்டே போகும், ஏசியை மட்டும் அணைத்துப் பத்து நிமிடம் ஃபேனை ஓடவிட்டால் திரும்ப வந்துவிடும். உங்களுக்குக் காலையிலிருந்தே காற்று இல்லை என்பதால் இது இல்லை. ஆனாலும் காயிலைச் சுத்தம் செய்தபின், மெஷின் வைத்திருக்கும் இடத்தில் பழைய கேஸை முழுவதும் மீட்டெடுத்து, வேக்கம் பிடித்து, பானட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள லேபிளில் சொன்ன எடையை நிறுத்துப் போடச் சொல்லுங்கள். கேஜ் முள்ளைப் பார்த்து உத்தேசமாகப் போடுவது மூன்றாவது முறையும் வேண்டாம். கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

வண்டி இன்னும் பழையதாக, 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்ததாக இருந்தால் உள்ளே இருப்பது ஆர்-12 ஆக இருக்கலாம். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையை அடுத்துப் படிப்படியாக நிறுத்தப்பட்ட கேஸ் அது. அதன்மேல் ஆர்-134ஏவை ஊற்றிக் கலக்கக் கூடாது. எண்ணெயும் வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டி வருவது சில இடங்களில்தான். காயில் ஒழுகுவது, சில மாடல்களில் ஹீட்டர் கோர் ஒழுகுவது, டெம்பரேச்சர் கதவின் தண்டு ஒடிந்திருப்பது. அப்படி வந்தால் ஏர்பேக் உள்ள வண்டியில் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், திருகாணிகளை இடவாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள். அவ்வளவு தூரம் திறந்துவிட்ட பிறகு ஹீட்டர் கோரும் எல்லா ஃபோமும் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். இன்னொரு முறை அந்த வேலையைச் செய்ய மனசு வராது.

உங்கள் வண்டிக்கு நான் போகிற வரிசை இப்படி இருக்கும்: சனிக்கிழமை காலை ரெசிஸ்டரைக் கழற்றி எட்டிப்பார்ப்பது, சருகு தெரிந்தால் ப்ளோயரை இறக்கிக் கழுவுவது, ரெசிஸ்டரும் கனெக்டரும் புதிது. மதியத்துக்கு மேல் வேக்கம் குழாய். ஹீட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பதற்கு எஞ்சின் சூடாகும் நேரம் போதும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு வைப்பர் கிரில்லுக்கு அடியில், சுமார் 6 மில்லிமீட்டர் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை வெட்டிப் பொருத்திவிடுங்கள். சருகும் எலியும் உள்ளே போகாது. கொசுவலை போடாதீர்கள், ஒரே மாதத்தில் தூசி அடைத்து மறுபடியும் டிஷ்யூ பேப்பரோடு உட்கார வேண்டியிருக்கும்.